கடற்காற்றும் துப்பாக்கிக் குழலும்

(வேளாங்கண்ணியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

துப்பாக்கிக் குழலின் உட்சுவருக்குப் பூசும் காப்புப் பூச்சைப் பற்றி ஒரு கடலோர ஊரில் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த ஊரில்தான் பேச வேண்டும் என்பது என் எண்ணம். இங்கிருந்து காவிரியைப் பிடித்துக்கொண்டு மேற்கே போனால் திருச்சிராப்பள்ளியில் 1966 முதல் படைக்கலத் தொழிற்சாலை இயங்கிவருகிறது. இன்சாஸ் துப்பாக்கியும், 'திருச்சி அசால்ட் ரைஃபிள்' என்று ஊர்ப் பெயரையே தாங்கிய துப்பாக்கியும் அங்கே தயாரானவை. 2021 அக்டோபரில் நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரித்தபோது, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்தின் கீழ் திருச்சி போய்ச் சேர்ந்தது. அப்படிச் செய்யப்படும் துப்பாக்கிகளில் ஒரு பங்கு எந்தக் காலத்திலும் ஏதோ ஒரு கடற்கரையில்தான் நிற்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான கடற்கரை தமிழ்நாட்டுக்கு இருக்கிறது. அதைக் காக்கும் காவலர் கையில் இருக்கும் குழல் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறது என்ற கேள்வியை, அந்தக் காற்றிலேயே வாழ்கிறவர்கள் முன்னால் வைப்பதுதான் முறை.

பூச்சைப் பற்றி எழுதுகிறவர்களும் விற்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே அளவுகோலைத்தான் எடுக்கிறார்கள். பூச்சு போட்டால் குழலில் கசடு எவ்வளவு குறைகிறது, துடைக்கும் வேலை எவ்வளவு மிச்சமாகிறது என்பதே அது. வறண்ட நாட்டில் விளையாட்டுக்குச் சுடுகிறவருக்கு அது போதும். நம் கரைக்குப் போதாது. இங்கே கசடு ஒரு பாதி வினைதான்; அதன்மேல் உப்பும் ஈரமும் வந்து அமரும்போதுதான் வினை முழுமையாகிறது. ஆகவே, கசடு எவ்வளவு படிகிறது என்பதைவிட, படிந்த கசடு எஃகைத் தொடுகிறதா இல்லையா என்பதைக் கொண்டே பூச்சை எடைபோட வேண்டும். அப்படி எடைபோட்டால், தொழிற்சாலையிலேயே குழலோடு ஒன்றாக்கப்படும் பூச்சுக்கு மட்டுமே இந்தக் கரையில் மதிப்பு உண்டு. புட்டியில் வாங்கிப் பின்னால் தடவிக்கொள்ளும் பூச்சுக்கு இல்லை. இதுதான் நான் நிறுவ வந்த கருத்து.

முதலில் கசடு எப்படி வருகிறது என்று பார்ப்போம். விசையை இழுத்ததும் பிரைமர் தீப்பொறி கக்கி, தோட்டாவுக்குள் இருக்கும் மருந்து எரிகிறது. குழலுக்குள் எழும் வாயுவின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 4,000 மடங்கு. குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரந்தான். அந்த நேரத்துக்குள் அதன் செப்புக் கலவை மேலுறை, குழலின் திருகு வரிகளில் அழுந்தி உராய்ந்து மெல்லிய படலமாகச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அதன்மேல் எரிந்த மருந்தின் கரி. அதற்கும் மேல் அடுத்த குண்டின் செம்பு. இப்படி அடுக்கடுக்காக ஏறுவதுதான் கசடு. இந்தத் தொல்லை புகையில்லா மருந்தோடு சேர்ந்தே பிறந்தது. முதல் தலைமுறைக் குண்டுகளின் உறை செம்பும் நிக்கலும் கலந்தது; அது கட்டிகட்டியாகக் குழலில் ஒட்டியது. வெள்ளீயத்தைக் கொண்டு இந்தச் செம்பை உரிக்கலாம் என்று பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கி மருந்தோடு வெள்ளீயம் சேர்த்துப் பார்த்தார்கள், அது பலித்தது. அமெரிக்கர்கள் 1921இல் போட்டித் தோட்டாக்களின் குண்டுக்கே வெள்ளீய முலாம் பூசினார்கள். கசடு குறைந்தது; ஆனால் குண்டு தோட்டாவின் கழுத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. அதன்மேல் பழக்க தோஷத்தில் சிலர் கிரீஸும் தடவிச் சுட, அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறியது. நூறு ஆண்டுக்கு முந்தைய இந்தச் செய்தியை நான் எடுப்பதற்குக் காரணம் உண்டு. கசடு ஒன்றையே பகையாக வைத்துத் தேடிய தீர்வு, வேறொரு இடத்தில் பகையை வளர்த்துவிட்டது.

உண்மையான பகை எது என்பதை அடுத்த ஆண்டே ஒருவர் தெளிவாகக் காட்டினார். அந்நாளைய பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பின் நன்றாக எண்ணெயிட்டு வைத்த குழலும் சில நாளில் துருப்பிடித்துக் குழிவிழுந்தது ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. மருந்தின் அமிலம் எஃகுக்குள் ஊறிவிடுகிறது என்றே பலரும் நம்பினார்கள். அமெரிக்கச் சுரங்கத் துறையில் பணியாற்றிய வில்பர்ட் ஹஃப் 1922இல் வெளியிட்ட ஆய்வில், பிரைமர் எரிந்து மிஞ்சும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்புதான் காரணம் என்று நிறுவினார். அந்த உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்ப் படலத்தின் அடியிலேயே உட்கார்ந்துகொண்டு காற்றின் ஈரத்தை இழுத்து எஃகைத் தின்னும். தண்ணீரில்தான் அது கரையும். .303 துப்பாக்கியின் குழலில் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றும் வழக்கம் பிரிட்டிஷ் படைகளில் இருந்தது அதனால்தான். காரணம் தெரியாமலே சரியான மருந்தைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

இன்றைய பிரைமர்களில் அந்த உப்பு இல்லையே, பிறகு என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மற்ற இடங்களுக்கு அந்தக் கவலை போய்விட்டதுதான். நமக்கு உப்பைத் தருவதற்குப் பிரைமர் தேவையில்லை. வங்கக் கடலே தருகிறது. அலை உடையும்போது எழும் நுண்துளிகள் காற்றில் ஏறி, காய்ந்து, உப்புத் துகளாகக் கரையெங்கும் படிகின்றன. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வேதாரண்யம் முதல் தரங்கம்பாடி வரை நம் கரையில் ஈரப்பதம் நாளின் பெரும்பகுதி 75க்கு மேலேயே நிற்கிறது. மெக்னீசியக் கணக்கை எடுத்தால் கோடை நண்பகலில்கூட அந்த உப்பு முழுதாகக் காய்வதில்லை. அதாவது, இந்தக் கரையில் மூடாமல் வைத்த ஒரு குழலின் உட்சுவரில் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர் இருக்கிறது. அதோடு கசடு சேர்ந்தால் என்ன ஆகும்? கரி ஈரத்தைப் பிடித்துவைக்கும். செம்பும் எஃகும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால் அது ஒரு சிறு மின்கலம். அதில் கரைவது எப்போதும் எஃகுதான். செம்புப் படலத்தின் ஓரத்தில் துருக்குழி விழும். குழி விழுந்த சொரசொரப்பான இடத்தில் அடுத்த குண்டு இன்னும் அதிகச் செம்பை உரித்துவிட்டுப் போகும். கசடு துருவை வளர்க்கிறது, துரு கசடை வளர்க்கிறது. இந்தச் சுழற்சியை எங்கே அறுப்பது என்பதுதான் பூச்சு பற்றிய கேள்வி.

நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம், அதாவது வெள்ளீயம், பூசுகிறோம். பாத்திரம் அழுக்காகக் கூடாது என்பதற்காகவா? ரசம் வைத்தால் எந்தப் பாத்திரமும் அழுக்காகத்தான் செய்யும். புளி பித்தளையைத் தொட்டுக் களிம்பு ஏறக் கூடாது என்பதற்காகப் பூசுகிறோம். பூசிய பிறகும் தேய்த்துக் கழுவுகிறோம். ஈயம் தேய்ந்தால் மறுபடி பூசுகிறோம். குழலுக்குள் குரோமிய முலாமின் வேலையும் இதுவே. குழலைத் துளையிட்டு வரி வெட்டும்போதே முலாமின் கனத்துக்கு இடம்விட்டு வெட்டுகிறார்கள். பிறகு குரோமிக் அமிலக் கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தி, மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு கனத்துக்குக் குரோமியத்தை ஏற்றுகிறார்கள். குழலின் எஃகு 1,500 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக உருகும். குரோமியம் உருக 1,900 டிகிரி வேண்டும். கடினத்திலும் அது குழல் எஃகைவிட இரண்டு, மூன்று மடங்கு. செம்பு அதன்மேல் அவ்வளவு எளிதில் ஒட்டாது. ஒட்டிய செம்பும் 'புல்-த்ரூ' கயிற்றில் துணியைக் கோத்து இழுத்தால் சீக்கிரம் பெயரும். இன்சாஸின் உட்குழல் இப்படிக் குரோமிய முலாம் பெற்றதுதான்.

இந்த முலாம் எங்கே எதற்காகப் பரவியது என்பதைப் பார்த்தால் என் வாதம் இன்னும் துலங்கும். காலாட்படையின் பொதுத் துப்பாக்கிக்கு முதன்முதலில் உட்குழல் முலாம் போட்டவர்கள் ஜப்பானியர்கள். 1939இல் அவர்கள் ஏற்றுக்கொண்ட அரிசாகா 99ஆம் வகைத் துப்பாக்கியில். தீவுகளிலும் மழைக்காடுகளிலும், உப்பு கக்கும் பிரைமரோடு போரிட வேண்டியிருந்த படை அது. அடுத்த பாடம் வியட்நாமில் வந்தது. அமெரிக்கப் படை எம்-16 துப்பாக்கியை அங்கே கொண்டுபோனபோது குழலுக்கும் தோட்டா அறைக்கும் முலாம் இல்லை. அதிகம் துடைக்க வேண்டாத துப்பாக்கி என்ற பேச்சு பரவியிருந்தது. போதிய துடைப்புக் கருவிகளும் கொடுக்கவில்லை. மருந்தின் வகையையும் இடையில் மாற்றினார்கள். மேகாங் வடிநிலத்தின் நெல்வயல் ஈரத்தில் தோட்டா அறை துருப்பிடித்துச் சொரசொரத்தது. சுட்ட கூடு உள்ளேயே சிக்கிக்கொண்டது. சிக்கிய துப்பாக்கியோடு இறந்துகிடந்த வீரர்களைப் பற்றிய செய்திகள் நாட்டை உலுக்கின. 1967இல் இக்கார்ட் தலைமையிலான நாடாளுமன்றத் துணைக்குழு விசாரித்துக் கடுமையான அறிக்கை தந்தது. அந்த ஆண்டிலேயே தோட்டா அறைக்குக் குரோமிய முலாம் வந்தது. சில ஆண்டுகளில் குழல் முழுவதற்கும் வந்தது. முலாம் ஒன்றே அவர்களைக் காப்பாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். அதே காலத்தில் துடைப்புக் கருவிகளும் பயிற்சியும் போய்ச் சேர்ந்தன, வேறு சில உறுப்புகளையும் திருத்தினார்கள். எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் ஒன்று உறுதி: நெல் விளையும் ஈரநிலத்தில், முலாம் இல்லாத எஃகையும் துடைக்காத கையையும் ஒருசேர அனுப்பினால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. நம்முடையதும் நெல் விளையும் வடிநிலந்தான்.

நாள்தோறும் துடைத்து எண்ணெயிட்டால் வெறும் எஃகே போதும் என்று பழைய ஆயுதக்கிடங்குக்காரர்கள் சொல்வதுண்டு. அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது; ஒழுங்கான கை எந்தப் பூச்சையும்விட நல்ல காப்பு. ஆனால் ஆயுதம் எப்போதும் ஒழுங்கான நாள்களிலேயே இருப்பதில்லை. ஆகஸ்ட் 29இல் இந்த ஊரில் கொடியேறிச் செப்டம்பர் 8 வரை லட்சக்கணக்கில் மக்கள் கூடும்போது பாதுகாப்புக்கு வருகிறவர்கள் இரவுபகலாகக் கடற்காற்றில் நிற்கிறார்கள். புயல் வந்தால் காவலருக்கு முதல் வேலை மக்களை அப்புறப்படுத்துவது. துப்பாக்கி இரண்டாம் பட்சம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்த வாரத்தில் யாரும் உட்கார்ந்து குழல் துடைத்திருக்க முடியாது, துடைக்கவும் கூடாது. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகள் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு வாரக்கணக்கில் அடுக்கில் கிடக்கின்றன. துடைக்க முடியாமல் போகிற அந்த நாள்களுக்காகத்தான் முலாம். துடைப்பதை அது ஒழிப்பதில்லை. துடைக்கத் தவறிய நாளின் தண்டனையைக் குறைக்கிறது.

குறி தவறும் என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. மின்முலாம் கூர்முனைகளில் அதிகமாகவும் பள்ளங்களில் குறைவாகவும் ஏறும்; மின்னோட்டத்தின் இயல்பு அது. எனவே திருகு வரிகளின் விளிம்பு சற்றே மழுங்கும், குழலின் உள்விட்டம் இடத்துக்கிடம் நூலிழை மாறும். ஒலிம்பிக் அளவில் போட்டியிடும் துப்பாக்கிகளின் குழல்கள் முலாம் இல்லாமல், உட்புறம் கையால் இழைக்கப்பட்டவையாக இருப்பது இதனால்தான். அந்த வீரர்களிடம் போய்க் குரோமியம் பூசுங்கள் என்று சொல்வது அறியாமை. அவர்களுடைய .22 குண்டு வெறும் ஈயம், வேகம் குறைவு, துப்பாக்கி உறையிலும் அறையிலும் பத்திரமாக வாழ்கிறது. கடலோரக் காவலரின் துப்பாக்கிக்கு வேலை வேறு. இன்சாஸின் பயன்தொலைவு 400 மீட்டர் அளவு. அந்தத் தொலைவில் முலாமால் வரும் சிறு விலகலைவிட, துருக்குழி விழுந்த குழலால் வரும் விலகல் பெரிது. சிக்கிக்கொள்ளும் தோட்டாவால் வரும் ஆபத்து அதைவிடப் பெரிது.

குரோமியத்தின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதில் பிறவியிலேயே நுண்விரிசல்கள் உண்டு. எஃகு விரியும் அளவில் பாதியளவே குரோமியம் விரியும் என்பதால், சுடச்சுட விரிசல்கள் ஆழமாகி எஃகைத் தொடுகின்றன. துத்தநாகம் தன்னைக் கரைத்து இரும்பைக் காக்கும்; குரோமியம் அப்படித் தன்னைக் கொடுப்பதில்லை. விரிசலுக்குள் உப்புநீர் நுழைந்தால் வெளியே தெரியாமல் அடியில் உள்ள எஃகைத்தான் அரிக்கும். இதற்கு விடை எண்ணெய்தான். அதே நுண்விரிசல்கள் எண்ணெயையும் பிடித்துவைத்துக்கொள்ளும். எது முதலில் விரிசலுக்குள் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முலாம் போட்ட குழலுக்கு எண்ணெய் வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தஞ்சாவூர்க்காரர்கள் இங்கே தங்கள் பீரங்கியை நினைவூட்டலாம். கீழவாசல் பக்கம் பீரங்கி மேட்டில் நிற்கும் அந்த இரும்புப் பீரங்கி, ரகுநாத நாயக்கர் காலத்தில், 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவானது. வார்த்ததல்ல, நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, மேலே வளையங்களை இறுக்கி, காய்ச்சி அடித்து ஒன்றாக்கியது. எந்தப் பூச்சும் இல்லாமல் நானூறு ஆண்டு வெயிலிலும் மழையிலும் நிற்கிறதே என்று வியப்பது சரிதான்; கான்பூர் ஐஐடியின் பேராசிரியர் பாலசுப்பிரமணியம் போன்ற உலோகவியலாளர்கள் அதை மதிப்போடு ஆராய்ந்திருக்கிறார்கள். கரி கொண்டு உருக்கிய அக்கால இரும்பின்மேல் காலப்போக்கில் இறுகிய படலமே அதற்குப் பாதுகாப்பு. ஆனால் அது கடலிலிருந்து வெகுதொலைவில் நிற்கிறது, நாள்தோறும் சுடப்படுவதில்லை, செம்பு உறைக் குண்டு எதுவும் அதன் உட்சுவரை உரசியதில்லை. அந்தப் படலம் உண்டாகி நிலைக்க அமைதி வேண்டும். சுடுகிற குழலுக்கு அந்த அமைதி வாய்ப்பதில்லை.

எல்லா ஆட்சேபங்களிலும் எனக்கு மிகவும் கனமாகப்படுவது வேறு: முலாமிடும் தொட்டியில் இருக்கும் ஆறுமதிப்புக் குரோமியம் புற்றுநோய் தரும் நஞ்சு. தமிழ்நாட்டுக்கு இதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. ராணிப்பேட்டையில் குரோமேட் தொழிற்சாலை ஒன்று மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆன பின்னும், அது விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. ஒரு காவலரின் குழலைக் காக்க இன்னோர் ஊரின் கிணற்றைக் கெடுப்பதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது. குழல் முலாமுக்குத் தேவைப்படும் குரோமியம் தோல் பதனிடும் தொழிலோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது என்று சொல்லித் தப்பிக்கவும் நான் விரும்பவில்லை. அதற்கு மாற்று இருக்கிறது: எஃகை 570, 580 டிகிரி வெப்பத்தில் உப்புக் குழம்பில் மூழ்க வைத்து நைட்ரஜனையும் கரிமத்தையும் அதன் மேற்பரப்புக்குள்ளேயே ஊறவிடும் முறை. இதில் மேலே ஒன்றும் ஏறுவதில்லை; எஃகின் தோலே மாறுகிறது. எனவே அளவு மாறாது, உரிந்து விழாது, துருவும் நன்றாகத் தடுக்கப்படும். இடைவிடாமல் சுடும் எந்திரத் துப்பாக்கியின் வெப்பத்தில்தான் குரோமியத்துக்கு அது ஈடாகாது. காவல் துப்பாக்கி அப்படிச் சுடுவதில்லை. கடலோரக் காவலுக்கான குழல்களில் குரோமியத்துக்கு மாற்றாக இந்த முறையை முதலில் சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி, புட்டிப் பூச்சுகள். குழலுக்குள் தடவிக் காயவைக்கும் பீங்கான் வகைத் திரவங்கள், குண்டின்மேல் பூசும் மாலிப்டினம் டைசல்ஃபைடு, போரான் நைட்ரைடு போன்றவை வெளிநாட்டு விளையாட்டுச் சுடுநர்களிடம் பெயர்பெற்றவை. பூசிய பின் கசடு குறைந்தது என்று அவர்கள் சொல்வது பொய்யென்று நான் சொல்லவில்லை. ஆனால் புதிய குழல் எதுவானாலும் சுடச்சுட உட்சுவர் வழவழப்பாகிக் கசடு தானே குறையும். ஒரே குழலில் பூச்சுக்கு முன், பூச்சுக்குப் பின் என்று பார்த்தால் குறைந்தது எதனால் என்று பிரிக்க முடியாது. மாலிப்டினம் பூசிய குண்டு உராய்வு குறைந்து வேகமும் இழப்பதால் மருந்தைக் கூட்ட வேண்டிவருகிறது. நமக்கு இன்னும் முக்கியமானது இது: மாலிப்டினம் டைசல்ஃபைடு வறண்ட காற்றில்தான் சிறந்த உயவுப்பொருள். ஈரக்காற்றில் அதன் வழுக்கல் குறைகிறது. அது மெல்ல ஆக்சிஜனேற்றமும் அடைகிறது. விண்வெளிக் கருவிகளுக்கு உகந்த பொருள் கார்த்திகை மாதத்து நாகப்பட்டினத்துக்கு உகந்ததாக வேண்டியதில்லை. மேலும், கையால் தடவும் பூச்சு எங்கே விட்டுப்போயிற்று என்று குழலுக்குள் யாருக்கும் தெரியாது. விட்டுப்போன இடத்தில்தான் உப்பு உட்காரும்.

இதையெல்லாம் இப்படி வாதத்தால் மட்டும் தீர்க்க வேண்டிய நிலை நமக்கு இல்லை. காரைக்குடியில் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. மின்முலாமும் உலோக அரிப்பும் அதன் பிறவித் துறைகள். மண்டபத்தில் கடற்காற்றில் உலோகத் தகடுகளை ஆண்டுக்கணக்கில் வைத்துப் பார்த்த அனுபவமும் அதற்கு உண்டு. திருச்சியில் குழல் செய்கிறார்கள். காரைக்குடியில் அரிப்பை அளக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே பேருந்தில் இரண்டு மணி நேரம். ஒரே எஃகில், ஒரே தொகுப்பில் செய்த குழல்களை மூன்று பங்காக்கலாம்: வெறும் எஃகு, குரோமிய முலாம், நைட்ரஜன் ஊறியது. எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் சுட்டு, பாதியைத் துடைத்து எண்ணெயிட்டும், பாதியைத் துடைக்காமலும், இந்தக் கரையில் புரட்டாசி முதல் மார்கழி வரை வைக்கலாம். துடைக்காததை மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என்று நெடுக அறுத்துத் திறந்து, வரியின் விளிம்பில் குழி எவ்வளவு ஆழம் என்று அளக்கலாம். குழல்கள் கடலிலிருந்து எத்தனை மீட்டரில் இருந்தன, படிந்த உப்பு எவ்வளவு என்பதையும் அதே அட்டவணையில் எழுத வேண்டும். அளவுகளைத் தமிழிலும் அச்சிட்டு, கரையோரக் காவல் நிலையங்களில் ஆயுதப் பொறுப்பில் இருக்கும் ஏட்டையாக்கள் கைக்குப் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். குழலை அன்றாடம் கையில் எடுத்துப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.